பஞ்சாரத்துக்குள் காக்கைக் குஞ்சு

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். மூன்று மணி வரை கடல்காற்று இல்லை. மோட்டார் ரிப்பேர். ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை. அரை நாள் லீவு வீண்.

வேப்பமரத்தடியில் ஒரு காக்கைக் குஞ்சு. சிறகு முளைத்துவிட்டது, வால் கட்டை. தத்துகிறது, எழும்பவில்லை. மதில்மேல் அண்ணன் வீட்டுப் பூனை. அந்த வீட்டில் எல்லோருக்குமே என் பக்கத்தின்மேல்தான் கண். (தெருப்பக்க வீட்டை அப்பா அண்ணனுக்கு எழுதினார். எனக்குப் பின்மனை. பேச்சு நின்று எட்டு வருடம்.)

துண்டைப் போட்டுப் பிடித்தேன். உச்சந்தலையில் இரண்டு கொத்து. தாயோ தகப்பனோ. ரத்தம். கோழி அடைக்கும் பழைய மூங்கில் பஞ்சாரத்தைக் குஞ்சின்மேல் கவிழ்த்துவைத்தேன்.

வசந்தி டெட்டால் தடவிக்கொண்டே: “எதுக்குங்க இந்த வேல? நாளான்னிக்கு மாமா திதி. இப்ப போயி காக்காகிட்ட வம்பு இழுத்துக்கிட்டு.”

ஜூன் 14, சனி

தயிர்சாதம், அவித்த முட்டை. தொடவில்லை. வாயே திறப்பதில்லை. நான் குனிந்தால் பின்னால் ஒதுங்குகிறது.

வாங்க: வாழையிலை, எள், பூசணி, வெற்றிலை.

குடை இல்லாமல் கொல்லையில் கால் வைக்க முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு காக்கைகள். வசந்தியை ஒன்றும் செய்வதில்லை. என்னை மட்டும்.

காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் வந்தாள். திதி முடியட்டும் என்றாள் வசந்தி. அந்த அம்மாள் பஞ்சாரத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அது விழல சார். எறங்கிப் பழகுது. ஆத்தாக்காரி கீழயே வந்து ஊட்டும். நீங்க புள்ள புடிக்கிறவன் மாதிரில்ல தூக்கி வச்சிருக்கீங்க.”

நான் எம்.எஸ்சி. விலங்கியல், முதல் வகுப்பு. இருபத்திரண்டு வருடமாகக் கோப்பு தள்ளுகிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் சூப்பரின்டெண்டு. மீன்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பஞ்சாரத்தை எடுத்துவிட்டு, கதவுக்குப் பின் நின்றேன். தாய் இறங்கியது. பூனையும் இறங்கியது. ஓடிப்போய்க் கவிழ்த்தேன். இன்னொரு முறை. மறுபடி பூனை.

திறந்தால் பூனை. மூடினால் பட்டினி. தூக்காமல் விட்டிருந்தால் நேற்றே பூனை தின்றிருக்கும். தின்றிருக்குமா? தாய் விட்டிருக்காதோ. தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வசந்தி: “உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா பூனையக் கட்டிப் போடுவாங்க.”

மாட்டேன். செத்தால் சாகட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

திதி. பதினொன்றரைக்கு மதிலில் அப்பாவுக்கு இலை. கா கா என்று கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் பாய்ந்து வந்தன, சோற்றுக்கல்ல, என் தலைக்கு. ஒரு பருக்கை எடுக்கவில்லை.

அண்ணன் மாடியில் இலை காலியாகிக்கொண்டிருந்தது. அண்ணியின் குரல்: “மாமாவுக்கு இப்பவும் நம்ம வீட்டுக் கொழம்புதான் புடிக்கிது.” எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

ஒன்றரை. காக்கை எடுக்காமல் வசந்தி சாப்பிடமாட்டாள். சர்க்கரை மாத்திரை வேறு போட்டுவிட்டாள், சாப்பிடாமல் தாங்காது. பஞ்சாரத்துக்குள் குஞ்சுக்குத் தலை நிற்கவில்லை.

போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“பூனையக் கொஞ்ச நேரம் உள்ள அடைங்க.”

“எதுக்குடா?”

“ஒரு காக்காக் குஞ்சுக்காக.”

ஏற இறங்கப் பார்த்தார். “அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வச்சிருந்தப்ப நடந்திருக்கலாம் இந்த நடைய.”

திரும்பிப் போகவில்லை. நின்றேன். அண்ணிதான் பூனையைத் தூக்கினார். “போங்க தம்பி. நான் அடைச்சிக்கிறேன்.”

பஞ்சாரத்தை எடுத்துவிட்டு வந்து அடுப்படி ஜன்னலில் நின்றேன். குஞ்சு நகரவில்லை. இருபது நிமிடம். தாய் என் இலையைத் தாண்டி மாடிக்குப் போயிற்று. அண்ணன் இலையிலிருந்து ஒரு வாய்ச் சோற்றோடு இறங்கியது. குஞ்சைக் கொத்தி எழுப்பியது. வாய் திறந்தது. உள்ளே அவ்வளவு சிவப்பு. இரண்டு நாளாக எனக்குத் திறக்காத வாய்.

மறுபடி போயிற்று. மறுபடி மாடிக்குத்தான்.

வசந்தியைச் சாப்பிடச் சொன்னேன்.

“நம்ம எலையில இன்னும் எடுக்கலியேங்க.”

“எடுக்காது. நீ சாப்புடு.”