உன் பேரில் வந்த மெயில்

என் அன்பு அண்ணா,

நீ கண்ணை மூடிய பிறகு உன் பேரில் ஒரு மெயில் வந்திருக்கிறது. எனக்கல்ல, அண்ணிக்கு. "சென்னை வேலை வேணாம். பாப்பாவோட மரக்காணத்துலயே இரும்மா" என்று இருந்தது. அன்றிலிருந்து அண்ணி சென்னைப் பேச்சையே எடுக்கவில்லை.

என்னைச் சந்தேகப் பிராணி என்பாயே, சும்மா இருப்பேனா? உப்பு குடோனுக்கு நீ அமைத்த மெயில் சர்வரை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

மெயில் அனுப்புகிற எஸ்எம்டிபியைப் பற்றி நீயே சொல்லிச் சிரிப்பாய். யார் என்ன பேர் சொன்னாலும் நம்பிவிடும், நாம்தான் பூட்டுப் போட வேண்டும் என்று. லாரி லோடு விவரம் தானாகப் போகட்டும் என்று எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் நீ பூட்டே போடவில்லை. மேலே இருந்த உன் பேரை விட்டுவிட்டு, வழியில் சர்வர்கள் குத்திய முத்திரைகளைப் படித்தேன். மெயில் கிளம்பிய இடம் அந்த எடைமேடை. அங்கே உட்காருவது யார்? நம் அப்பா.

நேரே போய்க் கேட்டேன். அப்பா தலை நிமிராமலே சொன்னார்:

"அவன் இருந்தா இதத்தாம்மா சொல்லியிருப்பான். பாப்பாவும் போயிட்டா எனக்கு யாரு இருக்காங்க?"

எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்புறம் மெல்லக் கேட்டார்: "அவ பதில் எதுனா போட்டாளா? எனக்கு ஒண்ணும் வரலியே."

எப்படி வரும்? உன் பேரில் அனுப்ப அங்கே யாராலும் முடியும். உனக்கு வந்ததைப் படிக்கத்தான் ஐமேப் பாஸ்வேர்டு கேட்கும். அண்ணியின் பதில் உன் இன்பாக்ஸில் பிரிக்காமல் கிடக்கிறது. சர்வர் என் கையில் இருக்கிறது, நினைத்தால் திறந்துவிடலாம். அப்பாவைச் சந்தேகப்பட்டவள் இப்போது என்னையே சந்தேகப்பட்டேன். எழுந்து போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. "தெரியும். உங்க அண்ணன் என்னிக்கு என்னை அம்மான்னு கூப்ட்டாரு? மாமாதான் அப்படிக் கூப்பிடுவாரு."

"அப்புறம் ஏன் அண்ணி பதில் போட்டீங்க?"

"அனுப்புனது யாரா இருந்தா என்ன? பதில் அவருக்குத்தான போவுது. திங்கக்கிழமை சென்னைக்குக் கிளம்புறேன்னு அவருகிட்ட சொல்லாம எப்படிப் போறது?"

எடைமேடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன் அண்ணா. உன் இன்பாக்ஸை மூட மாட்டேன். யாரையும் திறக்கவும் விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். அண்ணி உனக்கு எழுத நினைக்கிற காலம் முழுவதும் அது உனக்காக இருக்கும்.

இப்படிக்கு,
யாரையும் நம்பாத உன் தங்கை