தேர்தலுக்குப் போன செத்தவீட்டுக் காசு

நெடுங்கேணி

அன்புள்ள மகன் வினோதனுக்கு,

நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மன் துணை நிற்க வேண்டும். இங்கும் சுகம் என்று எழுத மனம் வருகுதில்லை ராசா. போனில் சொன்னால் உன் தம்பி சுஜிதனுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு யதுர்ஷிகாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுகிறேன்.

அவன் வேலை செய்யும் அரிசி மில்லில் தொழிலாளருக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருப்பது உனக்குத் தெரியும். மாதாமாதம் எல்லாரும் போடுவார்கள், யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் பெட்டிக்கும் பந்தலுக்கும் அதுதான் போகும். தம்பிதான் பொருளாளர். தேர்தல் நேரம் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, தன் மச்சான் தேர்தலில் நிற்கிறார் என்று சொல்லி, "சங்கக் காசைத் தொழிலாளர் விரும்பிக் குடுத்ததெண்டு குடுத்தால் அவருக்கு மரியாதை, தேர்தலில வெண்டாப் பிறகு ரெண்டு மடங்காத் தருவார், ஆருக்கும் மறுப்பெண்டாச் சொல்லுங்கோ" என்றாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? அங்கே வேலை செய்கிறவர்களின் ஒரு செத்தவீட்டையும் அந்த மனிதர் விட்டதில்லை. உன் அப்பாவை வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் அவருடைய வான்தான், நீ வர முடியாமல் போனபோது பெட்டிக்குத் தோள் கொடுத்ததும் அவர்தான். பெட்டி தூக்கின ஆளுக்கு முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல எங்கள் சனத்துக்கு நா வருமா? தம்பி வங்கிக்குப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டான். மச்சான் தோற்றுப்போனார், இப்போது போனை எடுக்கிறாரில்லை. முதலாளியைக் கேட்டால், "நீங்கள் விரும்பித்தானே குடுத்தனீங்கள், ஆரும் மறிச்சவையே" என்கிறாராம். நாசமாய்ப் போவான்!

போன கிழமை மில்லில் மூட்டை தூக்குகிற கதிர்காமநாதன் மாரடைப்பில் போய்விட்டார். சங்கத்தில் ஒரு சதம் இல்லை. அவர் மனைவி அன்னபாக்கியம் தன் காதுத் தோட்டை அடைவு வைத்துக் காசு வாங்கிப் பெட்டி எடுத்தா. நானும் தம்பியும் போனோம். அவன் பெட்டி தூக்கப் போக அவா எழும்பி வந்து, "என்ர மனிசன்ர காசைத் தூக்கிக் குடுத்த கையால பெட்டியைத் தொடாதை, போ வெளியில" என்று கத்தினா. அன்றைக்குக் காசு கொடுக்கும்போது பேசாமல் நின்றவர்கள் அப்போதும் பேசாமல்தான் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி மாலையோடு வந்து இறங்கினார், அவருக்குக் கதிரை துடைத்துப் போட்டார்கள். பெட்டிக்கு முன்பக்கம் பிடித்ததும் அவர்தான். என் பிள்ளை படலைக்கு வெளியே றோட்டில் நின்றான்.

அன்றிலிருந்து தம்பி வேலைக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுகிறான். நேற்று என்னைப் பார்த்து, "அம்மா, நான் செத்தா என்னை ஆர் தூக்குவினம்" என்று கேட்டான். வயலுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்தையெல்லாம் கொண்டுபோய் யதுர்ஷிகா வீட்டில் வைத்துவிட்டேன் மகன். அவன் கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் போகிறேன்.

காசைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். இதைப் பார்த்தவுடன் அவனுக்குப் போன் எடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. ஏன் கொடுத்தாய் என்று கேட்டு ஏசாதே, பிள்ளைகளின் குழப்படியைச் சொல்லிச் சிரிக்கப் பண்ணு. வர முடியுமென்றால் வா. அம்மன் உங்கள் எல்லாரையும் காக்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம். அவன் போனை எடுக்காவிட்டால் விட்டுவிடாதே ராசா, எடுக்கும் மட்டும் அடி.

நித்திரை கொள்ளப் பயந்திருக்கும்
உன் அம்மா,
கமலாசனி