பெட்ரோல் டேப் ஒழுகிய மூன்று வாரங்கள்

புதன்கிழமை, காலை பத்து மணி

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு நான் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவும் நலம் என்பது அடுத்த வரியாக இருக்க வேண்டும். அதை எழுத முடியாததால்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லக்கூடாதா என்பாய். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் உனக்கு நடுஇரவு. நீ விழித்திருக்கும் நேரத்தில் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று உனக்குக் கையாட்டிக்கொண்டிருக்கிறார். இன்று எங்கள் பள்ளிக்கு விடுமுறை, ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் நான் மட்டும். மாடி வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் குழந்தை அழுது அழுது இப்போதுதான் தூங்கியிருக்கிறது. குளியலறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது, வீட்டுக்காரர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். இவையெல்லாம் உனக்கு எப்போதும் வரும் செய்திகள்தான்.

நீ ஓட்டிப் பழகிய பழைய வண்டி இன்னும் மாடிப்படிக்கு அடியில், சமையலறைக் கதவை ஒட்டித்தான் நிற்கிறது. மூன்று வாரமாக அந்த இடத்தில் பெட்ரோல் வாடை. முதல் நாளே அப்பாவிடம் சொன்னேன். “ஒரு நாத்தமும் இல்லையே, பள்ளிக்கூடத்து ஆசிட்டையெல்லாம் மோந்து மோந்து உன் மூக்கு கெட்டுப்போச்சு” என்று சிரித்தார். மறுநாளும் சொன்னேன், அன்றும் அதே சிரிப்பு. வேதியியல் படித்தவள், இருபது வருடமாகப் புட்டிகளோடு இருப்பவள், என் மூக்கையே நான் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் ஒரு ராத்திரி டாங்கிக்குக் கீழே வெள்ளைத் தாளை விரித்துவைத்தேன். காலையில் அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், ஓரத்தில் மஞ்சள் வளையம். பெட்ரோல் டேப் ஒழுகுகிறது. கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன், இத்தனை வருடமும் பழகிய பிடிவாதம்தானே.

ஞாயிறு காலை கழற்ற உட்கார்ந்தார். மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன், “ரெண்டு போல்ட்டு, ரெண்டு ஸ்க்ரூ, இதுக்கு ஒரு ஆளா” என்றார். அவர் வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியும், பழைய சட்டையை விரித்து அதன்மேல் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்குவார். டாங்கியில் இருந்ததைக் கேனில் இறக்கினார். கடைசியாக வடிந்த கொஞ்சத்தை ஒரு எவர்சில்வர் சொம்பில் பிடித்தார். டேப்பின் திருகுப்பிடிக்குப் பின்னால் நாலு ஓட்டை போட்ட ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது, அது பொரித்த அப்பளம் மாதிரி விறைத்துப்போய் வெடித்திருந்தது. பழைய சைக்கிள் ட்யூபைக் கத்தரித்து அதே அளவில் ஒன்று செய்து மாட்டினார். பெட்ரோலை வீணாக்குவானேன், முதலில் தண்ணீர் ஊற்றிச் சோதிப்போம் என்று இன்னொரு சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். முதல் சொம்பின் ஜோடிதான் கைக்கு வந்தது, கொடுத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. “பாத்தியா, மெக்கானிக்கு இனிமே கடையை மூடிட வேண்டியதுதான்” என்றார். நான் துணி உலர்த்த மாடிக்குப் போனேன்.

குட்டி, இனி எழுதுவதை நிதானமாகப் படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் துணிக்கூடையோடு இறங்கி வந்தபோது சமையலறை முழுக்கப் பெட்ரோல் நெடி. கண் எரிந்தது. அப்பா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், டீ போடுவதற்காக. சொம்பில் மிச்சமிருந்ததைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்திருந்தார். அது தண்ணீர்ச் சொம்பு இல்லை. ஒரு கையில் லைட்டர், இன்னொரு கை அடுப்பின் திருகில். நான் போட்ட சத்தத்தில் மாடிக் குழந்தை எழுந்துவிட்டது. அவர் லைட்டரைக் கீழே இறக்காமலே திரும்பி, “ஏன்டி கத்துறே, ஒரு டீ போட்டா தப்பா?” என்றார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கையில் பட்டபோது சில்லென்று இருந்ததாம், பானைத் தண்ணீர் போல என்று நினைத்தாராம். பாத்திரத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். குனிந்து, மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு மாதமாம். அந்தக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து எந்த வாசனையும் தெரிவதில்லையாம். சாப்பாட்டைப் புகழ்ந்ததெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. டாக்டரிடம் போகவில்லை. போனால் சீட்டு எழுதுவார், சீட்டு தொழிற்சாலைக்குப் போகும். அங்கே பெயின்ட் தின்னர் டாங்கிகளுக்குள் சுத்தம் செய்ய ஆட்களை இறக்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, இறங்கலாம் என்று சொல்வது அப்பாதான். உள்ளே இருக்கும் வாயுவை அளந்து பார்க்கும் கருவி ஒன்று இருந்தது, அது கெட்டுப்போய் அலமாரியில் கிடக்கிறது. ‘மூக்கு சார்’ இருக்கும்போது அது எதற்கு என்று யாரும் பழுது பார்க்கவில்லை. அந்தப் பட்டப்பெயர் சொல்லி உன்னையும் கேலி செய்வார்களே, மூக்கு சார் பொண்ணு என்று. இனி மூக்கு இல்லை என்று எப்படிப் போய்ச் சொல்வேன் என்கிறார். இன்னும் ரெண்டு வருஷம், ஓய்வு வாங்கிவிடுகிறேன், அதுவரை வாயைத் திறக்காதே, குட்டிக்கும் சொல்லாதே என்று உன் தலைமேல் சத்தியம் வாங்கினார். இதில் எல்லாம் நம்பிக்கை இல்லாதவள் நான். ஆனாலும் உன் பெயரைச் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

திங்களன்று வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போயிருக்கிறார். அவர் டேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, ட்யூப் ரப்பர் பெட்ரோலைக் குடிச்சுட்டுக் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஊதிப்போய் வழியை அடைச்சிருக்கு” என்றாராம். சரியான வாஷரைப் போட்டுக் கொடுத்தார். இப்போது ஒழுகுவதில்லை. அன்று சாயங்காலம் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். போன வாரம் சின்ன டாங்கியில் இறங்கிய இரண்டு பேருக்குத் தலை சுற்றியதாம். “காலையில சாப்பிடாம வந்திருப்பானுங்க.” நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நாளை பெரிய டாங்கியில் இறங்குகிறார்கள். இன்று சாயங்காலம் அவர் வந்ததும் கடைசியாக ஒருமுறை பேசப்போகிறேன். நீங்களாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காலையில் நான் வந்து உங்கள் மேலாளரிடம் சொல்வேன் என்று.

இதுவரை எழுதியபோது போன் அடித்தது. அப்பாதான். மத்தியானம் சாப்பிட வரமாட்டாராம், நாளைக்கு இருந்த வேலையை இன்றைக்கே முடிக்கச் சொல்லிவிட்டார்களாம். யாரையும் இறக்காதீர்கள் என்றேன். “ரெண்டு பேர் இறங்கியாச்சு. நான் மோந்து பாத்துட்டேன்டி, சுத்தமா இருக்கு” என்றார். பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும், அதை உரக்கச் சொன்னார். மேலே ஏற்றுங்கள் என்று கத்தினேன், வைத்துவிட்டார். உடனே மேலாளரைக் கூப்பிட்டேன். என் கணவருக்கு நாலு மாதமாக வாசனையே தெரியாது, உள்ளே இருப்பவர்களை மேலே ஏற்றுங்கள் என்றேன். “யாரு, நம்ம மூக்கு சாருக்கா?” என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. ரிசீவரை மேஜைமேல் போடும் சத்தம், பிறகு ஓடும் சத்தம். அதற்குப் பிறகு மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிறது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

மேலாளர் மறுபடி போனுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். கயிற்றைக் கட்டி இரண்டு பேரையும் வெளியே இழுத்துவிட்டார்களாம். ஒருவன் வாந்தி எடுக்கிறான், பேசுகிறான். இன்னொருவன் எப்படி என்று கேட்டேன். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். “சார் அவன் தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார் மேடம். அவன் சட்டையை மோந்து மோந்து பாக்கறார்” என்றார்.

நான் கிளம்புகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் இதைக் கிழிக்காமல் போகிற வழியில் தபாலில் போடுகிறேன். நாளைக்கு யார் எப்படி மாற்றிச் சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே எனக்குத் தெரியும் என்பது என் கையெழுத்தில் உன்னிடம் இருக்கட்டும். அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிடாதே. என்னோடு பேசுவதை நிறுத்த நினைத்தால், இரண்டு நாள் பொறுத்து முடிவு செய். ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும். படுக்கும்முன் அடுப்பை அணைத்தாயா என்று எழுந்துபோய்ப் பார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா