நான் பானை ஏற்றாத பங்குனி உத்திரம்

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் எனக்கு முன்னால் வாக்கப்பட்ட என் கோமதி அக்காவுக்கு,

இறந்தவர்கள் படிப்பார்கள் என்று நம்பி இதை எழுதவில்லை. தாவரவியல் படித்து, கல்லூரியில் அதையே கற்பிக்கிறவள் நான். உயிர் நின்றபின் என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சில மாதங்களாக நீ வீட்டில் இருக்கிறாய். அதை எந்தப் பாடத்தில் சேர்ப்பதென்று தெரியவில்லை.

முதலில் கழுத்தில் வந்தாய். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பும்போது, பின்கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காதுவரை ஏறியது. முந்தானையால் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிய விதம் உன்னுடையது. பிறகு கண்ணாடியில், நெற்றியோரம் முடி கொட்டிய இடத்தில் வந்தாய். ஒருநாள் அடுக்களையில் அத்தை என் முதுகைப் பார்த்து, “கோமதி, அந்த உப்ப எடு” என்றார். அவர் திருத்திக்கொள்ளவில்லை. நானும் திருத்தவில்லை. உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு தென்காசியில் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம் நாம். அந்த வீட்டுக்காரர்களின் சாஸ்தா கோயில் கடையம் பக்கம் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று குடும்பமே அங்கே போகும். அடுப்பில் பொங்கல் பானையை ஏற்றுகிறவள் மாதவிடாய் நின்ற பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி வந்தபின் பானை உன் கைக்கு வந்தது. அன்றைக்கு நீ காரில் எவ்வளவு சிரித்தாய்!

“ஏட்டி உலகு, நான் ரிட்டையர் ஆயிட்டேன். ஆனா பிரமோஷன் கிடைச்சிருக்கு, பாத்துக்கோ. இனிமே காலண்டரும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.”

இருபத்தைந்து வருடம் அந்த வீட்டில் வேலை செய்தவளுக்கு, எல்லோரும் விலகி நின்று வழிவிட்ட ஒரே நாள் அதுதான். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த வருடச் சாரல் காலத்தில் உனக்குக் குற்றாலப் பித்துப் பிடித்தது. விடிந்தால் போதும், அருவிக்குக் கிளம்பிவிடுவாய். அத்தான்கூடக் கேலி செய்தார்: “உங்க அக்காவுக்கு அருவிக்கடியிலயே ஒரு வீடு கட்டிக் குடுத்துருவமா?” நீ, “உடம்புச் சூடு, வேற என்ன” என்றாய். நம் ஊரில் அந்த ஒரு சொல் போதும். சூடு என்றால் எண்ணெய், சூடு என்றால் அருவி. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், கருப்பையில் புற்று முற்றி எல்லாம் கைமீறிப் போனபின்தான் என்னிடம் சொன்னாய். நின்று வெகுநாள் ஆனபின் மறுபடி ரத்தம் பட்டதாம். அருவித் தண்ணீருக்குள் நின்றால் யாருக்கும் தெரியாது என்றுதான் தினமும் போனாயாம்.

“எதுக்குக்கா மறைச்ச?”

“சொன்னா பானை போயிரும்லா. அது போனாக்கூடப் பரவாயில்லட்டி. ஏற்கனவே ஏத்துன பானைக்கும் சேத்துத் தீட்டுன்னு சொல்லிருவாளே.”

அந்த அருவியில், பெண்கள் பக்கம் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த இரைச்சலில் ஒருநாள் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாய். “என்னக்கா?” என்று கத்தினேன். சிரித்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்துவிட்டாய். என்ன சொன்னாய், அக்கா?

இப்போது எனக்கு உன் அப்போதைய வயது. எனக்கும் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நீ போனபின் அத்தையே வலியோடு பானையை ஏற்றிக்கொண்டிருந்தார். இந்த மாசியில், “இனிமே உலகு ஏத்தட்டும்” என்று எல்லோர் முன்னும் சொன்னார். சாஸ்தாவிடம் எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

உத்திரத்துக்குச் சில நாள் முன்பு துணியில் ஒரு கறை. பழுப்பாக, சின்னதாக. அலைச்சல் என்றேன். வெயில் என்றேன். படித்தவள் அல்லவா, ஹார்மோன் மாற்றம் என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்கு நிறையச் சொற்கள் தெரியும். நீ அருவிக்குள் போய் நின்றாய். நான் அந்தச் சொற்களுக்குள் போய் நின்றேன்.

மறுபடியும் வந்தது. குளியலறையில் அந்தத் துணியை அலசிக்கொண்டிருந்தேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தேன். கதவு தாழிட்டிருக்கிறது, வெளியே யாருமில்லை, பிறகு எதற்கு இவ்வளவு சத்தம்? அப்போது நீ என் பக்கத்தில் நின்றாய். பார்க்கவில்லை, ஆனால் ஈரத்தோள் ஒன்று என் தோளில் உரசியது. பிரமை என்று யாரும் சொல்லித் தர வேண்டாம், எனக்கே தெரியும். குழாயை மூடினேன்.

அப்படியே வெளியே வந்தேன். அத்தை கூடத்தில் பொங்கலுக்குப் பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, இந்த வருசம் நான் பானை ஏத்தல.”

“ஏன், காலேஜ்ல லீவு தர மாட்டேங்கானா?”

“எனக்கு மறுபடி பட்டிருக்கு.”

“மெதுவாச் சொல்லு. உள்ள ஆம்பளைங்க இருக்காங்க.”

“கேக்கட்டும் அத்தை. அக்காவுக்கும் இப்படித்தான் ஆச்சு. பானை போயிரும்னு யாருட்டயும் சொல்லல.”

முறம் நின்றது. “எங்கிட்டயுமா?”

“உங்ககிட்டதான் அத்தை.”

ஒரு குருவி வந்து சிந்திய அரிசியைக் கொத்தியது; அவர் விரட்டக்கூட இல்லை. பிறகு, “நான் என்ன அவள அடிச்சா போட்ருப்பேன்?” என்றார். அதை என்னிடம் கேட்டாரா, உன்னிடம் கேட்டாரா? “நாளைக்கே டாக்டர்ட்ட போவம். நானும் வருதேன்” என்று எழுந்துகொண்டார்.

டாக்டர் அம்மா சின்ன வயதுக்காரி. நிதானமாகப் பேசினாள். “நின்னு ஒரு வருசம் ஆனப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்டணும்மா. நெறையப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா பாக்காம அதச் சொல்ல முடியாது.” ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உள்தோலில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வலித்தது. அத்தை என் செருப்பையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது காரில், நீ எதற்காகத் தினமும் அருவிக்குப் போனாய் என்று அத்தையிடம் சொன்னேன். “குத்தாலத்துக்கு விடு” என்றார். பங்குனி வெயிலில் அருவி ஏது? பாறைதான் நின்றது, ஓரத்தில் ஒரு கசிவு. பெண்கள் பக்கம் ஒருவரும் இல்லை. “எங்கன நிப்பா?” என்று கேட்டார். காட்டினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய், அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்தார். சுட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை.

உத்திரத்தன்று அத்தையே பானையை ஏற்றினார். நான் மதிலுக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஏன் வெளியே என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னேன். ஒருமுறை சொன்னபின் இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கொஞ்ச நேரத்தில், சுரண்டையிலிருந்து வந்திருந்த பங்காளி வீட்டு மதினி ஒரு தம்ளரில் பானக்கம் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

“ஏ உலகு, சும்மா கேக்குதேன். எனக்கு மாசத்துல ரெண்டு தடவ வருது. கட்டி கட்டியாப் போவுது. அது சூடுதான?”

“சூடான்னு எனக்குத் தெரியாது மதினி. டாக்டர்ட்ட கேப்போம்.”

“டாக்டர்ட்ட போனா கருப்பையை எடுக்கணும்பாளே.”

“எடுத்தா என்ன, இனிமே பிள்ளையா பெக்கப் போற?” இது பின்னாலேயே வந்து நின்ற, அத்தையின் ஓரகத்தி சின்னத்தையின் குரல். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் சின்னத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, தனக்கு இருப்பதைச் சொன்னார். அவர் புருஷனுக்குக்கூடத் தெரியாததாம். பிறகு இன்னொருத்தி வந்தாள். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று உள்ளே இருந்து கூப்பிடும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

மதில் வாசலில் ஒவ்வொரு சேலை தெரிந்தபோதும் நிமிர்ந்து பார்த்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நீ வரவில்லை. உன்னைப் போல ஒற்றிக்கொள்கிறவர்கள், உன்னைப் போல இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்கள்தான் வந்தார்கள். அதுவரை எங்கே வைத்திருந்தார்கள் இதையெல்லாம்?

பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும். பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை என் படிப்பு குறைக்கவில்லை. சுரண்டை மதினிக்கும் அன்றைக்கே டாக்டரிடம் சீட்டுப் போட்டிருக்கிறேன். வரமாட்டேன் என்று இன்று காலையும் போன் செய்தாள். பஸ் ஸ்டாண்டில் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. அந்தக் காகிதத்தில் என்ன இருந்தாலும், வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று, ஆண்கள் இருக்கும்போதே வாசிப்பேன். சாதாரணக் குரலில் வாசிப்பேன். நல்லதாக இருந்தால் உன் வயதை நான் கடந்து போவேன். அதன்பிறகு உன்னைப் போல இருக்க எனக்கு ஒன்றும் மிச்சமிருக்காது; நான் எப்படிக் கிழவியாவது என்று நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டதாக இருந்தால், தனியாக நீ எங்கே நின்றிருந்தாய் என்று தெரிந்துகொள்வேன். ஆனால் நான் தனியாக நிற்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவளும் உன் ஓரகத்தியுமான,
உலகு
தென்காசி