எங்கள் வீடு ஒரு நாடு அல்ல என்று பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்:
கதவு எண் 14-இல் குடியிருக்கும் இல்லத்தரசி
(லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி),
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பன்னாட்டு அறிவியல் ஒத்துழைப்புப் பிரிவு,
மூன்றாம் மாடி.

பொருள்: வளரும் நாடுகளின் பட்டியலிலிருந்து எங்கள் வீட்டை நீக்குவது மற்றும் எங்கள் முன்னறையில் முத்திரையிட்டு வைத்திருக்கும் தண்ணீர்ப் பரிசோதனை இயந்திரத்தைத் திறப்பது தொடர்பாக.

பார்வை: தங்கள் கூட்டுக் குழுவிலிருந்து எனக்கு வந்த நான்கு கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சம்பவத்தன்று எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் ஐந்து பேர் (நாற்காலியில் மூவர், கட்டிலில் இருவர்), அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர், தங்கள் பிரிவின் உதவி அலுவலர் (தையல் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு), என் கணவர், அவருடைய அக்காவான என் நாத்தனார், நான். ஆக மொத்தம் பத்து பேர். எதிர் வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வராததால் கணக்கில் சேர்க்கவில்லை.

2. அவர்கள் வந்ததற்குக் காரணம் என் நோட்டுப் புத்தகம். ஏழாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்குப் போனதில்லை. மகளின் பாடப் புத்தகங்களை அவள் தூங்கிய பிறகு எடுத்துப் படித்துக் கற்றதுதான் மிச்சமெல்லாம். எங்கள் தெருவின் முப்பத்தொரு வீடுகளுக்கும் ஒரே ஆழ்குழாய்க் கிணறு. அந்தத் தண்ணீரின் நிறம், வாடை, ஒரு டம்ளரில் பிடித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் அடியில் படிவது, எந்த வீட்டில் யாருக்கு என்ன உபாதை என்பதையெல்லாம் பதினான்கு மாதங்களாக நாள் தவறாமல் எழுதி வருகிறேன். ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. எழுத ஒன்றும் இல்லாத நாளில் "ஒன்றுமில்லை" என்றாவது எழுதிவிடுவேன். எங்கள் டாக்டர் அந்த நோட்டை யாருக்கோ காட்ட, அவர் வேறு யாருக்கோ காட்ட, ஐந்து நாடுகள் சேர்ந்து வாங்கிய இயந்திரத்தை எங்கள் தெருவில் வைத்துச் சோதிப்பது என்று முடிவானது. அதற்கு அன்றும் இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

3. தவறு நடந்தது வருகைப் பதிவேட்டில். அதில் பெயர், கையொப்பம், "எந்த நாட்டின் சார்பில்" என்று மூன்று கட்டங்கள் இருந்தன. என் கணவரும் நாத்தனாரும் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாட்டின் பெயரை எழுதலாம் என்றால், நாடு என்னை அனுப்பவில்லை. அப்படி எழுதுவது பொய். இருவேளையும் பிரார்த்தனை செய்கிறவள் பொய்க் கையெழுத்துப் போடக் கூடாது. அதனால் யார் சார்பில் உட்கார்ந்திருந்தேனோ அதை உள்ளபடி எழுதினேன்: "எங்கள் வீடு".

4. மறுநாள் இயந்திரம் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியின் மேல் ஆறு வட்டங்கள் இருந்தன, ஐந்தில் அரக்கு முத்திரை. பங்கேற்கும் எல்லா நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது விதியாம். ஐந்து நாடுகளும் போட்டாகிவிட்டது. ஆறாவது நாடு எது என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்கதாம்மா" என்றார்.

5. அதன் பிறகு வந்த கடிதங்களின் சுருக்கம்:

முதல் கடிதம்: எங்கள் நாட்டின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கையின் நகல் கேட்டு. கேட்டவர்களுக்குப் பதில் எழுதுவது மரியாதை என்பதால், கொள்கை உள்ள வீடு என்ற அளவில் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது. புதிய கருவி எதையும், ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு பேரை விசாரிக்காமல் வாங்காமலிருப்பது. சாப்பிடும்போது போனைக் கையில் எடுக்காமலிருப்பது. மிக்ஸியை இரவல் கொடுத்தால் பிளேடைக் கழுவித் திருப்பித் தர வேண்டும் என்பது.

இரண்டாம் கடிதம்: வளரும் நாடுகளிலிருந்து இதுவரை வந்த கொள்கைகளில் தெளிவானது இதுவே என்று பாராட்டி. மிக்ஸி விதியை "தொழில்நுட்பப் பரிமாற்றத்துக்கான முன்மாதிரி" என்று மற்ற ஐந்து நாடுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். அதில் இரண்டு நாடுகள் திருத்தம் கேட்டிருக்கின்றன.

மூன்றாம் கடிதம்: எங்கள் நாட்டில் படித்தவர்கள் வெளியேறும் விகிதம் கவலை அளிப்பதாக. வேதியியல் படித்த என் மகள் வேலைக்காக வேறு ஊரில் விடுதியில் இருக்கிறாள். நான்கு பேரில் ஒருவர் என்பதால் இருபத்தைந்து சதவீதம். உலகிலேயே இதுதான் அதிகமாம். இதை ஆராய ஒரு நிபுணர் வந்து, மூன்று நாள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, மகள் ஏன் போனாள் என்று கேட்டார். "இங்க வேலை இல்ல சார், அதான் போனா" என்று என் கணவர் முதல் நாளே சொல்லிவிட்டார். மீதி இரண்டு நாள் நிபுணர் அதை எழுதிக்கொண்டிருந்தார்.

நான்காம் கடிதம்: ஒப்பந்தத்தில் நாட்டின் தலைவர் கையெழுத்திட வேண்டும் என்று.

6. இந்த நான்காம் கடிதத்தால் வீட்டில் ஏற்பட்ட மனக்கசப்பையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கணவர், "எனக்கு வேலைக்கு நேரமாச்சு, யாராவது ஆளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாத்தனார், "இந்த வீட்டுக்கு மூத்தவ நான். என்னைக் கேட்டு என்னைக்காவது ஒரு காரியம் நடந்திருக்கா? நீயே தலைவியா இரு, நான் எதிர்க்கட்சி" என்று சொல்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

7. இதற்கிடையில் தண்ணீரை வேறு இடத்தில் சோதிக்க முயன்றேன். நகராட்சிப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு கேன் சுமந்துகொண்டு போனேன். எங்கள் தெருத் தண்ணீர் பன்னாட்டுத் திட்டத்தின்கீழ் வந்துவிட்டதால் அவர்கள் தொடக்கூடாதாம். கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தங்கள் அலுவலகத்துக்கும் மூன்று முறை வந்தேன். முதல் கவுண்டரில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது உள்நாட்டு மனு வாங்குற கவுண்டர்மா. நீங்க வெளிநாடு. உங்க தூதரகம் வழியா வாங்க" என்றார். எங்கள் தூதரகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதை நாங்கள்தான் திறக்க வேண்டுமாம். இரண்டாம் முறை, எழுந்து நின்று வணக்கம் சொல்லி, குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். மனுவை மட்டும் வாங்கவில்லை. மூன்றாம் முறை உணவு இடைவேளை.

8. ஐயா, மேலே எழுதியவை சிரிக்கும்படி இருக்கலாம். தெருவில் சிரிக்கிறார்கள். ஆனால் என் நாத்தனாருக்கு ஐந்து மாதங்களாகக் கால் வீங்குகிறது. சிறுநீரகம் என்கிறார் டாக்டர். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பக்கம் மருத்துவம் செய்வது என்று புரியவில்லை, வருகிற 15-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் பரிசோதனை முடிவோடு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இதே வீக்கம் ஆறாம் எண் வீட்டுக்காரருக்கும் இருபதாம் எண் வீட்டுப் பள்ளி ஆசிரியைக்கும் தொடங்கியிருக்கிறது. என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. பதிலைச் சொல்லக்கூடிய இயந்திரம் நாத்தனாரின் கட்டிலுக்கு மூன்றடி தூரத்தில் இருக்கிறது. அவர் அந்தப் பெட்டியின் மேல்தான் வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

9. "ஒரு கையெழுத்துதானே அக்கா, போட்டுத் தொலைங்க" என்று தெருப் பெண்கள் சொல்கிறார்கள். நாத்தனார் மட்டும் சொல்லவில்லை. எதிர்க்கட்சி என்றவர்தான், ஆனாலும் சென்ற வாரம் கால் பிடித்துவிடும்போது, "எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போடாதடி. நாளைக்கு நீ சாமி முன்னாடி நிக்கணும்" என்றார். அன்று முழுவதும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட முடியவில்லை. போடாமலிருப்பது சரி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

10. எனவே நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த வருகைப் பதிவேட்டை வரவழைத்துத் தாருங்கள். என் நோட்டில் பிழை வந்தால் நான் அழிப்பதில்லை. ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமிடுவேன். அதுபோல் "எங்கள் வீடு" என்பதை அடித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுகிறேன். பிறகு நாடுகள் ஐந்துதான், கையெழுத்தும் ஐந்துதான், பெட்டியைத் திறக்கலாம். பதிவேடு கடல் கடந்து போய், அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருப்பதாக உதவி அலுவலர் சொல்கிறார். சட்டத்தைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை என்று என் கணவர் தெரிவிக்கச் சொன்னார்.

11. மறைத்துச் செய்வது என் வழக்கம் இல்லை என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். இம்மாதம் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை என் மகள் மூன்று நாள் விடுப்பில் வருகிறாள். இது போன்ற இயந்திரத்தை அவள் வேலை செய்யும் இடத்தில் தினமும் இயக்குகிறாள். தங்களிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும் அன்று காலை பத்து மணிக்கு, பிரார்த்தனை முடித்து, தெருவார் முன்னிலையில், ஐந்து முத்திரைகளையும் நானே உடைத்துப் பெட்டியைத் திறப்பேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். நான் ஒரு குடிமகள் என்றால் அது அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம். நான் ஒரு நாடு என்றால் அது ஐந்து நாடுகளின் மேல் தொடுத்த போர். எது என்று முடிவு செய்து, அதற்குரிய ஆட்களை அனுப்பிக்கொள்ளலாம். யார் வந்தாலும் குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு வரி பதில் எழுதுங்கள் ஐயா.

பணிவும் கவலையுமாக,

(கையொப்பம்)
கதவு எண் 14, இல்லத்தரசி
(எந்த நாட்டின் சார்பிலும் அல்ல)

நாள்: இம்மாதம் 9, செவ்வாய்க்கிழமை
இடம்: மேற்படி வீட்டின் முன்னறை

இணைப்பு: நோட்டுப் புத்தகத்தின் நகல், பதினான்கு மாதங்களுக்குரியது.