கணுக்காலுக்கு மேல் நான்கு விரல்

அத்தை,

இன்று காலை பஞ்சாயத்து ஆட்கள் சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். மழைக்குப் பிறகு தெரு நாறிக் கிடந்தது. அந்த வாசம் வீட்டுக்குள் வந்ததும், அடுப்பில் பால் இருப்பதை மறந்து, கையில் வாளியோடு புழக்கடைக் கக்கூஸ் வாசலில் போய் நின்றிருக்கிறேன். யாருக்காக வந்தோம் என்று யோசித்த பிறகுதான் நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிவிட்டு வந்த நாளெல்லாம், நீங்கள் கக்கூஸ் போய் வந்த ஒவ்வொரு முறையும் நான் பிளீச்சிங் கரைத்து ஊற்ற வேண்டும். கால் மணி நேரம் விட்டுத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். நீங்கள் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, "நல்லா ஊத்து அம்மிணி. நானே இப்ப வெசந்தானே" என்பீர்கள். நான் மறுத்ததில்லை.

இறந்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். குறை பேச நான் உட்காரவில்லை. புகழ்ந்து எழுதவும் வரவில்லை. நடந்தது நம் இருவருக்கு மட்டும் தெரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அந்தக் கக்கூஸ் புதிது. ஊரிலேயே டைல்ஸ் ஒட்டியது நம்முடையது ஒன்றுதான். அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பீர்கள். "ஒறம்பரைக்குன்னு கட்டுனது" என்பீர்கள். விருந்தாளிகளுக்கு டைல்ஸ், வீட்டுப் பெண்களுக்கு விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மரவள்ளிக் காடு. நடுப்பகலில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் மாமியார் உங்களை அப்படித்தான் வைத்திருந்தார்களாம்.

என் வயிற்றில் ஏழு மாதம். உங்கள் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. காப்பி டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்ற நான், உங்கள் காதோரம் குனிந்து, "சாவி குடுங்கத்தை, முடியலீங்க" என்றேன். நீங்கள் வீடு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னீர்கள்.

"பொம்பளைன்னா அடக்கத் தெரியோணும். பி.ஏ. படிச்சு என்னத்துக்கு ஆச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் காலோடு இறங்கிவிட்டது. அப்போதும் சாவியை நீங்கள் எடுக்கவில்லை. கதவோரம் கிடந்த மிதிதுணியைக் காலால் என் பக்கம் தள்ளினீர்கள். ஏழு மாத வயிற்றோடு, உங்கள் அண்ணனின் காலடியில் குனிந்து துடைத்தேன்.

அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். அந்த நாளைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாமா போனார். பூட்டு துருப்பிடித்துத் தானாகக் கழன்றது. உங்கள் மகன் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனால் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். என் பெண்ணும் சேலத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விட, நாம் இருவரும் மாடுகளும் மிஞ்சினோம்.

ஒரு நாள் முதல் உங்கள் சேலையை நீங்களே துவைக்க ஆரம்பித்தீர்கள். துவைகல்லில் ஓடிய தண்ணீரின் சிவப்பு நிறத்தை நான் முதல் மாதமே பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் எரிந்து விழுவீர்கள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். நான்காம் மாதம் மாட்டுத் தொட்டி ஓரம் மயங்கி விழுந்த அன்றுதான் வாயைத் திறந்தீர்கள். "தூரம் நின்னு எத்தன வருசமாச்சு, மறுக்கா வந்துருச்சோன்னு வெக்கமாப் போச்சு அம்மிணி."

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூத்திரப்பையில் கட்டி என்றார்கள். குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். ஆழமாகப் போகவில்லை, மருந்து உள்ளே விட்டால் திரும்பி வராமல் பார்க்கலாம் என்றார் டாக்டர். பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற காசநோய்த் தடுப்பு மருந்து இருக்கிறதே, அதேதான். வாரம் ஒன்றாக ஆறு முறை. உள்ளே விட்ட பிறகு இரண்டு மணி நேரம் வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் பாதியாகிப் போனீர்கள். மருந்து போட்ட அன்று குளிர்க் காய்ச்சல். அடுத்த மூன்று நாளும் கால் மணிக்கு ஒரு தரம் ஓட்டம். போனால் சொட்டுச் சொட்டாக நெருப்பு. "மொளகாய அரைச்சு உள்ள உட்டுட்டாங்க" என்று கத்தினீர்கள். மூன்றாம் வாரம் வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டீர்கள். டாக்டர்தான் அதே ஆஸ்பத்திரியில் அக்குபங்சர் பார்க்கும் பெண் டாக்டரிடம் அனுப்பினார்.

சின்னப் பெண். உங்களிடம் ஒளிக்காமல் சொன்னாள். "இந்த ஊசி நோயைப் போக்காதுங்க பாட்டி. அந்த மருந்து குடுக்கற எரிச்சலையும் முட்டலையும் கொஞ்சம் தாங்கிக்க உதவும். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது."

நீங்கள் அவள் கையில் இருந்த ஊசியைப் பார்த்துச் சிரித்தீர்கள். "கோணூசில மூட்டை தச்சவ நானு. இந்த மயிரூசி என்னைய என்ன பண்ணும்? குத்து சாமி."

கணுக்கால் உட்புறம், முழங்காலுக்குக் கீழே, தொப்புளுக்குக் கீழே, மணிக்கட்டில். இருபது நிமிடம் அசையாமல் கிடந்தீர்கள். இருபது நிமிடமும் கக்கூஸ் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது உங்கள் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். அன்று மருந்து போட்டும் பழைய ஓட்டத்தில் பாதிதான்.

வாரம் இரண்டு முறை ஊசி. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் விரலால் அழுத்திவிடச் சொல்லி அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் காட்டினாள். கணுக்கால் எலும்புக்கு மேல் நான்கு விரல் வைத்து, அதற்கு மேலே எலும்பை ஒட்டிக் கட்டைவிரல். அப்படியாகத்தான் நான் தினமும் உங்கள் காலடியில் உட்கார்ந்தேன். பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னது இது: "படிச்ச மருமவ. என்ற காலப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறா பாருங்க."

நான்காவது மருந்து. வார்டில் எட்டுக் கட்டில். மருந்து ஏற்றி முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அன்று ஊசி டாக்டர் விடுப்பு. நீங்கள் இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். சாவி கேட்ட அன்று நான் சொன்ன அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து முதல் முறையாக வந்தது.

"சாமி, என்னையக் கூட்டிக்கிட்டுப் போ சாமி. முடியல."

அடக்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லியிருக்கலாம். காலை அழுத்திவிட்டிருக்கலாம். நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். நான் எழுந்து நின்றேன். எட்டுக் கட்டிலுக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

"பொம்பளைன்னா அடக்கத் தெரியோணுமுங்கத்தை."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நின்றேன். நீங்கள் அழவில்லை. என்னையே பார்த்தபடி, "இத்தன வருசமும் மனசுக்குள்ள வெச்சிருந்தயா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். பிறகு துண்டை வாயில் திணித்துக்கொண்டு, நர்ஸ் சொல்லியிருந்தபடி இடப்பக்கம் புரண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். இரண்டு மணி நேரம் முடிந்தது. நான் கையை நீட்டினேன். நீங்கள் எழவில்லை. இன்னும் பத்து நிமிடம் கிடந்தீர்கள். எனக்குக் காட்டத்தான் கிடந்தீர்கள். பிறகு என் கையைத் தொடாமல், கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு போனீர்கள்.

அந்த வாரம் என்னைக் காலைத் தொடவிடவில்லை. "உன்ற கை வேண்டாம்" என்றீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் முனகியதை நான் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே கேட்டேன். கெஞ்சவில்லை. ஒரு முறை கதவுவரை வந்து திரும்பிப் போனேன்.

அடுத்த முறை அந்த டாக்டர் பெண் உங்களிடம், "வீட்டுல அழுத்தி விட்டாங்களா பாட்டி?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாள் தவறாம அழுத்துனா" என்றீர்கள். "என்ற மருமவ கை தங்கக் கை."

"அப்புறம் ஏன் இவ்வளவு எரிச்சல்?" அவள் குழம்பிப்போய் இன்னும் நான்கு ஊசி கூடக் குத்தினாள். அந்த நான்கையும் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். வீட்டு மானத்துக்காகச் சொன்னீர்களா, என்னைக் குத்திக்காட்டச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஊருக்கெல்லாம் என்னத்துக்குத் தெரியோணும்?" என்றீர்கள். அவ்வளவுதான். அன்று சாயந்திரம் காலை நீட்டினீர்கள்.

ஆறு மருந்தையும் முடித்தீர்கள். ஊசி இல்லாவிட்டால் இரண்டோடு நின்றிருப்பீர்கள் என்று டாக்டரே சொன்னார். உங்கள் மகன் போனில், "அப்ப அம்மாவுக்குச் செரியாயிருச்சில்ல?" என்று கேட்டுக் குதூகலமாக இருந்தார். ஊரில் கறிச்சோறு போடலாம் என்றீர்கள். ஆறு வாரம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தபோது நோய் தசைக்குள் இறங்கியிருந்தது. பையையே எடுக்க வேண்டும். உங்கள் இருதயம் மயக்க மருந்தைத் தாங்காது. அவ்வளவு நெருப்பையும் பல்லைக் கடித்துத் தாங்கிவிட்டு வந்தவரிடம் அதைச் சொல்ல அந்த டாக்டருக்கே வாய் வரவில்லை. "அப்பறம் எதுக்குச் சாமி என்னைய அத்தன பாடு படுத்துனீங்க?" என்று கேட்டீர்கள். அவர் பேனாவை மூடினார்.

நான் கேட்டிருந்தால் முதல் மாதமே வந்திருக்கலாம். துவைகல்லை நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதை அந்த அறையில் நான் சொல்லவில்லை. நீங்களும் என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு ஐந்து மாதம். ஊசிக்குப் போய்வரத் தெம்பு இல்லாமல் என் விரல் மட்டும்தான். சில நாள் உங்கள் வேதனை பொறுக்காமல் பொறுமையாக அழுத்தினேன், நீங்கள் கண்ணை மூடித் தூங்கிப்போகும்வரை. சில நாள் நீங்கள் காலையில் சொன்ன ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு அழுத்தினேன். கஞ்சியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவீர்கள். வந்தவர்கள் முன்னால் என் தாய்வீட்டை இழுப்பீர்கள். சாகும்வரை நீங்கள் மாறவில்லை. மன்னிப்பு என்ற பேச்சு நம் இருவர் வாயிலும் வரவில்லை.

உங்களைக் குளிப்பாட்டியபோது உங்கள் தங்கச்சிதான் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சட்டென்று நிறுத்திவிட்டு, "இதென்ன அம்மிணி, ரெண்டு கால்லயும் கன்னிப் போயிருக்குது?" என்று கேட்டார்கள்.

கணுக்காலுக்கு மேலே, உட்புறம், எட்டணா அளவுக்குக் கறுநீலம்.

"ஊசி போட்ட தடமுங்க" என்றேன்.

"அடப்பாவமே" என்று மஞ்சளைத் தடவினார்கள்.

அந்த ஊசி அப்படித் தடம் விடாது, அத்தை. அது என் கட்டைவிரல். எந்த நாள் எதற்காக அழுத்தினேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தது, அந்த நாட்களில் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள்கூடக் காலை இழுத்துக்கொள்ளவில்லை.