நீ தோற்றதை நான் ஒப்புக்கொள்ளவில்லை

செங்கல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள விஜயதாஸ்,

சோமன் எழுதுகிறேன். என் வீட்டில் விஜயம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. உன் வீட்டை வாரம் ஒருமுறை திறந்து காற்றுவிடுகிறோம். கிணற்றடிப் பலா இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. பாதியை அணில் தின்றது, மீதியை நாங்கள். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்று உன் மகன் பினு சொன்னான். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் நான் விஷயத்துக்கு வந்ததும் நீ பேச்சை முடித்துவிடுகிறாய். அதனால் இந்தக் கடிதம்.

உன் மகள் லிஷா ஞாயிற்றுக்கிழமை பாலராமபுரத்திலிருந்து வந்திருந்தாள். அவள் அம்மா ரத்னபாய் நம்மை விட்டுப் போய் அடுத்த மாதம் ஒரு வருஷம் ஆகிறது. சர்ச்சில் நினைவு ஆராதனை வைக்க வேண்டாம், நீயும் வரப்போவதில்லை என்று அவளிடம் சொன்னாயாம். காரணம் கேட்டதற்கு, “சோமன் சொன்னதாக்கும் சரி. மேலே கேக்க ஆளில்லை” என்றாயாம். அதைச் சொல்லிவிட்டு, “மாமா, நீங்க ஜெயிச்சாச்சு. இனி அப்பாவை ஆரு ஊருக்குக் கூட்டிட்டு வாறது?” என்று அழுதாள்.

பாறசாலையில் காலை பாசஞ்சர் ஏறினால் திருவனந்தபுரம் வரை நமக்கு, தெய்வம் உண்டா இல்லையா என்ற இதே பேச்சுதானே. பள்ளிக்கூடத்தில் நடத்தவேண்டிய இயற்பியலை எல்லாம் முதலில் உன்னிடம்தான் நடத்தினேன். பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்று நான் விளக்கிய அன்று, “எலே சோமா, உங்க கோயில்ல ஒருத்தன் காசு குடுத்து வழிபாட்டுச் சீட்டு எடுத்தாத்தானே வெடி போடுவாங்க? இந்தப் பெரிய வெடிக்குச் சீட்டு எடுத்தது ஆராக்கும்?” என்றாய். நெய்யாற்றின்கரையில் ஏறியவர்கள்கூடச் சிரித்தார்கள். மறுநாள் ரயிலில்தான் நான் மறுமொழி சொன்னேன்.

சனிக்கிழமைகளில் அது உன் வீட்டில், அவித்த மரவள்ளிக்கிழங்கோடு தொடரும். “மரச்சீனி ஆறிப்போவுது. தின்னுட்டு தர்க்கம் பண்ணுங்க, தெய்வம் எங்கயும் ஓடிப்போவாது” என்பார் ரத்னபாய்.

உலை வைக்கும் முன் சர்ச்சுக்கென்று ஒரு பிடி அரிசியை அவர் தனியே எடுத்துவைப்பார் அல்லவா? ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த வேலையை விஜயம்மாவிடம் ஒப்படைத்தார். இவள் இன்றுவரை விடவில்லை. சர்ச் பெண்கள் சங்கத்துக் கிருபாபாய் மாதந்தோறும் வந்து வாங்கிப்போவார். இந்த மாதம் வரவில்லை. உன் வீட்டுப் பெயரில் இனி எதுவும் வாங்க வேண்டாம் என்று நீ சொல்லியனுப்பினாயாம். விஜயம்மா என்னைப் பிடித்தாள். “நீங்களாக்கும் கொண்டு குடுக்கணும். உங்க தர்க்கமெல்லாம் அரிசிக்குத் தெரியாது.”

பையோடு சர்ச் வாசலில் நின்ற என்னைப் பார்த்து கிருபாபாய், “சோமண்ணன் இங்க வந்தாச்சு, இன்னைக்கு மழை உண்டு” என்றார். பிறகு ரத்னபாயின் பெயரைச் சொல்லித்தான் அரிசியைப் பெட்டியில் கொட்டினார்.

நான் மாறிவிடவில்லை. ரத்னபாய்க்கு வந்த நோய் என்ன, மருந்து ஏன் பிடிக்கவில்லை என்பதை இன்றும் என்னால் விளக்க முடியும். ஆனால் உன் முடிவை ஏற்க மாட்டேன். நீ ஜெபத்தில் கேட்டது கிடைக்கவில்லை, ஆகவே மேலே அதைக் கேட்பவர் இல்லை என்கிறாய். ரத்னபாய் பிழைத்து வந்திருந்தால், ஆகவே தெய்வம் உண்டு என்று நான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமா? என் வகுப்பில் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன். இது நீ யோசித்து வந்து சேர்ந்த இடமில்லை. கால் இடறி விழுந்த இடம்.

உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் பேசவில்லை, விஜயதாஸ். மறுநாள் ரயிலுக்கும் நீ வருவாய் என்ற தைரியத்தில் பேசினேன்.

லிஷா உன்னைக் கேட்காமலே ஆராதனைக்கு நாள் குறித்துவிட்டாள். நீ வா. பாட வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். கடைசி பெஞ்சில் சும்மா உட்கார். பக்கத்தில் நான் இருப்பேன்.

உன் கடிதங்கள் எல்லாம் ‘கர்த்தர் உங்களைக் காப்பாராக’ என்று முடியும். நான் கேலி செய்வேன். போன தடவை வந்ததில் அந்த வரி இல்லை. இப்போது இதை முடிக்க எனக்கு அப்படி ஒரு வரி வேண்டியிருக்கிறது, என்னிடம் இல்லை. நீ வந்து சொல்.

உன்,
சோமன்